மெலிந்த நாயின் உடம்பைத் தேற்றுவது எப்படி?

சென்ற தை மாதம் நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு டீக்கடை ஓரமாகச் சுருண்டு கிடந்த பெட்டை நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செந்நிறம் என்பதால் செவலை என்று பெயர் வைத்தோம். விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணிவிடலாம். இடுப்பெலும்புகள் இரண்டும் தோலை முட்டிக்கொண்டு நின்றன. பார்க்கப் பொறுக்காமல் அன்றிரவே பெரிய கிண்ணம் நிறையப் பால்சோறு பிசைந்து வைத்தேன். தலையைத் தூக்காமல் தின்று முடித்தது. விடிந்து பார்த்தால் திண்ணை முழுக்கக் கழிச்சல். எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது.

பட்டினி கிடந்த உயிருக்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போட்டது நான் செய்த பெரிய தவறு. இரக்கம் உள்ளவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறையாக ஒரு மெலிந்த நாயைத் தேற்ற முனைகிறவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் எடை, அடுத்தது காரணம், அதற்குப் பிறகுதான் சோறு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

உண்மையிலேயே மெலிவுதானா?

கண்ணை விடக் கை நல்ல சாட்சி. ரோமம் அடர்ந்த நாயின் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டிகளின் மேல் இன்னொரு கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அதேபோல் எலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் மெலிவு. இப்போது கையை விரித்து நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள்: எலும்பு தட்டுப்படும், ஆனால் மேலே மெல்லிய மெத்தை இருக்கும். விலா இப்படி இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கையைப் போல் மெத்தென்று இருந்து எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். கால்நடை மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகக் குறிப்பார்கள். 4, 5 என்றால் நல்ல நிலை. 3-க்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். செவலைக்கு அன்று கிடைத்த மதிப்பெண் 2.

நம் பக்கத்து நாய்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்காக ஓடப் பிறந்தவை. ஒட்டிய வயிறு, ஒடுங்கிய இடுப்பு, லேசாகத் தெரியும் கடைசி இரண்டு மூன்று விலா, இதுதான் அவற்றின் இயல்பான உடல்வாகு. எங்கள் தெருவில் ஒரு தம்பி சிப்பிப்பாறை வளர்க்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் “நாய்க்குச் சோறு போடுவதில்லையா?” என்று கேட்டுக் கேட்டு, அவரும் மனம் பொறுக்காமல் போட்டுக்கொண்டே இருந்தார். காற்றாய்ப் பறந்த நாய் ஆறே மாதத்தில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. இந்த இன நாய்களுக்கு விலாவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொடைச் சதை திரண்டிருக்கிறதா, முதுகெலும்பின் இரு பக்கமும் சதை இருக்கிறதா என்று பாருங்கள். சதை இருந்தால் அது மெலிவு அல்ல.

எடை பார்ப்பது எளிது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். செவலையின் முதல் வரி 9.2 கிலோ. அதன் எலும்புக் கட்டுக்கு 12 கிலோ இருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

சோற்றுக்கு முன் காரணம்

தெரு நாய் மெலிவது பசியால் மட்டும் அல்ல. வீட்டு நாய் மெலிந்தால் பசி காரணமாக இருக்க வாய்ப்பே குறைவு. நாம் போடும் சோற்றை உள்ளே வேறு எதுவோ தின்றுகொண்டிருக்கும். பெரும்பாலும் அது குடற்புழு. கொக்கிப்புழு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. மலத்திலோ ஆசனவாய் ரோமத்திலோ அரிசிமணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்குவதால் அது பரவுகிறது. புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் சில வாரத்தில் மறுபடியும் வந்துவிடும்.

அடுத்தது உண்ணி. காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து படுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகரும், எடை இறங்கிக்கொண்டே போகும். இரத்தப் பரிசோதனையில்தான் இது உறுதிப்படும். பல் வலி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், செரிமான நீர் சுரக்காத கணையம் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். நன்றாகத் தின்றும் மெலிகிற நாய், மலம் வெளிர்நிறத்தில் பிசுபிசுப்பாக நிறையப் போகிற நாய் என்றால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

காலையில் போன மலத்தில் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான சிறு டப்பாவில் மூடி, சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொடுங்கள். மதுரையில் தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கே போகலாம். குடற்புழு மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. மருந்துக் கடையில் குத்துமதிப்பாக வாங்கிக் கொடுப்பது வேண்டாம். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே இரு வாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். எப்போது, எதை என்பதை மருத்துவர் சொல்வார்.

தெருவிலிருந்து எடுத்துவந்த நாய் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அப்போதே கேளுங்கள். பசித்த நாய் தட்டருகில் கை போனால் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ, சிறு காயம்தானே என்று விடாமல் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் கூடாது.

முதல் வாரம்

நாள்கணக்கில் சரியாகத் தின்னாத நாயின் உடம்பு, தன் சதையைக் கரைத்து உயிர் பிழைக்கப் பழகியிருக்கும். அந்த நிலையில் திடீரென்று நிறையச் சோறு உள்ளே போனால் இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பே தடுமாறலாம். காப்பாற்றக் கொண்டுவந்த நாய் தின்ற பிறகு செத்துப்போவது இப்படித்தான். எழுந்து நிற்க முடியாத அளவுக்கு மெலிந்த நாயை நேராக மருத்துவமனைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும்.

நிற்கிற, நடக்கிற நாய்க்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 2 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு, சும்மா படுத்திருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி ஏறத்தாழ இதுதான். 9.2 கிலோ செவலைக்கு 346 வந்தது. முதல் நாள் அதில் கால் பங்கு, இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழுசு. ஒவ்வொரு நாள் அளவையும் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். கால் பங்கு என்றால் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக்கும் குறைவான சோறும்தான். தின்று முடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை நக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தது. அந்த நான்கு நாளும் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் மலம் கெட்டியானது. அதைப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது.

ஒரு வாரம் அந்த முழு அளவையே கொடுத்துவிட்டு, அதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போகலாம். இலக்கு, இருக்கிற எடைக்கு அல்ல, வர வேண்டிய எடைக்கு. 12 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 430. நடமாட்டத்துக்கும் சேர்த்து அதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 690 கலோரி. மலம் இளகினால் அதுவே தடுப்புக் கட்டை. ஒரு படி பின்வாங்கி, இரண்டு நாள் நின்று, மறுபடியும் ஏற வேண்டும்.

தட்டில் என்ன விழ வேண்டும்

நம் வீடுகளில் நாய்க்குச் சாப்பாடு என்றால் சோறு, அதன் மேல் மிச்சக் குழம்பு. வெறும் சோற்றால் வயிறுதான் ஊதும், தொடையில் சதை பிடிக்காது. உடம்பு தேற வேண்டும் என்றால் புரதம் வேண்டும், அதோடு அளவான கொழுப்பு. 690 கலோரி வந்த பிறகு செவலை ஒரு நாளைக்குத் தின்றது இதுதான்: வடித்த சோறு 200 கிராம், எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 130 கிராம், அவித்த முட்டை ஒன்று, மசித்த மஞ்சள் பூசணி இரண்டு கரண்டி, புளிக்காத தயிர் 50 கிராம், நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. உப்பும் இல்லை, மசாலாவும் இல்லை. கறி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால், முகம் திருப்பிக்கொள்ளும் நாயும் வந்து தின்னும். இளஞ்சூடாக இருந்தால் வாசம் எழும்பும், பசி தூண்டும்.

எண்ணெயை முதல் நாளே இரண்டு தேக்கரண்டி ஊற்றாதீர்கள். அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். நெல்பேட்டையில் நான் கறி வாங்கும் கடைக்காரர் பாய், நாய்க்கு என்று தெரிந்ததும் கை நிறையக் கொழுப்பை அள்ளி வைத்தார். “தம்பி, இதைப் போடுங்கள், பத்தே நாளில் உருண்டு திரண்டு வந்துவிடும். காசெல்லாம் வேண்டாம்” என்றார். நல்ல மனம்தான். ஆனால் மெலிந்த நாய்க்கு அவ்வளவு கொழுப்பையும் ஒரே நாளில் கொடுத்தால் கணையம் வீங்கி வாந்தியும் வயிற்று வலியுமாக முடங்கிவிடும். “பாய், கொழுப்பு வேண்டாம், ஈரலில் ஒரு துண்டு கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வந்தேன். ஈரல் இரும்புச் சத்து நிறைந்தது. புழுவால் இரத்தம் குறைந்த நாய்க்கு நல்லது. அதுவும் வாரம் இரண்டு முறை இரண்டு விரல் அளவுத் துண்டு போதும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் மிஞ்சிப்போகும்.

கோழிக்கறி கட்டுப்படியாகவில்லை என்றால் மத்தி மீன் இருக்கிறது. கரிமேட்டில் வாங்கி, வேகவைத்து, நடு முள்ளை உருவிவிட்டு, விரலால் நசுக்கிப் பார்த்து மிச்ச முள்ளையும் எடுத்துவிட்டுப் பிசைந்தால், வாரம் இரண்டு வேளை ஒப்பேறிவிடும். கறியே ஏற்றாத வீடுகளில் முட்டை, உப்பில்லாத பனீர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு என்று ஓட்டலாம். சோற்றுக்குப் பதில் சில வேளை அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ கேழ்வரகுக் களியோ வைக்கலாம்.

எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்கிற நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, தோசைக்கல்லில் வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொண்டேன். இந்த எடை நாய்க்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டி போதும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இல்லாமல் கோலமாவைவிட நைசாக இருக்க வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு மிஞ்சினால் எலும்பு கோணும். மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடுதான் என்றால் துத்தநாகம், வைட்டமின் ஈ போன்றவையும் குறையும். அதற்கான சத்துக் கலவையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கெட் உணவு போடுகிறவர்கள் உறையில் உள்ள கலோரி அளவைப் பார்த்து மேற்சொன்ன கணக்கோடு பொருத்திக்கொள்ளலாம். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்.

போடவே கூடாதவை

மதுரையில் மிச்சச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். இரவு பரோட்டாக் கடையில் மிஞ்சும் சால்னாவும், கல்யாண வீட்டுப் பிரியாணியும் வெங்காயத்தாலும் பூண்டாலும் ஆனவை. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே வெளிறிப்போன நாய்க்கு அது விஷம். வெந்ததால் வீரியம் போய்விடாது. சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சாக்லேட் கூடாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. செவலையின் முதல் இரவுக் கழிச்சலுக்குப் பாலும் ஒரு காரணம். டீக்கடை பிஸ்கட் மாவும் சர்க்கரையும்தான். பசியை அடைக்குமே தவிர உடம்பில் ஒட்டாது. பிஸ்கட் போடுகிற கை ஒரு அவித்த முட்டையைப் போட்டால் அந்த நாய்க்கு எவ்வளவோ நல்லது.

வெயில், நடை, எடை

கத்திரி வெயிலில் நாய்கள் பகலில் தின்னாது. காலை ஆறு மணிக்கு ஒரு வேளை, வெயில் இறங்கிய பிறகு இரண்டு வேளை என்று மாற்றினேன். நம் ஊர் வெக்கையில் பிசைந்த சோறு சீக்கிரம் கெடும். அரை மணி நேரத்தில் தின்னவில்லை என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த நிழலில் மண் சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

தெம்பு வந்ததும் நடக்கவிடுங்கள். நடந்தால்தான் தின்றது சதையாகும், இல்லாவிட்டால் வயிற்றில் கொழுப்பாய்த் தங்கும். காலையில் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களை வயிறு நிறையத் தின்ற கையோடு ஓடவிடாதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். இந்த அளவு நாய்க்கு வாரம் 100 முதல் 200 கிராம் ஏறினால் நல்ல வேகம். முதல் இரண்டு வாரம் செவலை ஏறவே இல்லை. குடலும் இரத்தமும் சீராக அந்தக் காலம் வேண்டும். நீங்களும் கைவிட்டுவிடாதீர்கள். அதன் பிறகும் இரண்டு வாரம் எடை அசையவில்லை என்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். கூட்டியும் இறங்கினால் மறுபடி மருத்துவர்தான்.

மாசி கடைசியில் செவலையின் தொடையை அழுத்தினால் விரல் எலும்பில் இடிக்கவில்லை. பங்குனியில் உதிர்ந்த இடங்களில் புது ரோமம் முளைத்துப் பளபளத்தது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த என் அக்கா, “இது அந்த நாயே இல்லையே” என்று அதன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். வைகாசி இரண்டாம் வாரம் நோட்டில் எழுதியது 12.1 கிலோ. அன்றே எண்ணெயை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தேன், சோற்றில் ஒரு பிடியை எடுத்தேன், வாரம் ஒருமுறை பார்த்த எடையை மாதம் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டேன்.